மேடாகிப்போன பள்ளம்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் இலக்கியம் அல்ல, என் அக்கா வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒரு மண்மேடு. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. அந்த மேடு இருக்கும் இடத்தில் நியாயமாக ஒரு பள்ளம் இருந்திருக்க வேண்டும். பள்ளம் எப்படி மேடாயிற்று என்பதில் அந்த வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. நான் எப்போதாவது பத்திரிகையில் கதை எழுதுகிறவன் என்பதால் அக்கா, அத்தான், அவர்கள் மகள் மூவரும் தனித்தனியாக வந்து, "நீயே எழுது, யார் பக்கம் நியாயம்னு படிக்கிறவங்க சொல்லட்டும்" என்றார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

முதல் வரியாக எழுதிப் பார்த்தவை:

வானம் கருத்திருந்தது. (எந்தக் கதையில்தான் கருக்கவில்லை?)

நிலம் என்பது வெறும் மண்ணல்ல, அது நம் (போதும். இன்னும் ஒரு சொல் போனால் கட்டுரைப் போட்டி.)

அத்தான் மண்மேட்டின் உச்சியில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். (இது உண்மையிலேயே நடந்தது. ஆனால் நீங்கள் நம்ப வேண்டுமென்றால் அத்தான் யார் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.)

2

அத்தானுக்குத் தொழில் பேவர் பிளாக். வீட்டு வாசலிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் பதிப்பார்களே, அந்தச் சிமெண்டுக் கல். வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடோன், நடுவில் இருந்த கொல்லை முழுக்கக் கல். கடைப் பலகையில் பெரிய எழுத்தில், 'ஒரு பிடி மண்கூடக் கண்ணில் படாது!' என்று எழுதி வைத்திருக்கிறார். வாக்குத் தவறாத மனிதர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்கைக்கூடச் சிமெண்டுப் பால் ஊற்றி அடைத்துவிடுவார்.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள், சின்ன வயதில் எங்கே கொஞ்சம் மண் மிச்சமிருந்தாலும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். அத்தான் வைத்த பட்டப்பெயர்தான் மண்புழு. இப்போது கல்லூரியில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்* முதல் வருடம் முடித்திருக்கிறாள். வைத்த பெயர் பலித்துவிட்டதே என்று அத்தானுக்கு உள்ளூரப் பயம்.

* நிலவடிவமைப்பு என்று தமிழில் எழுதிப் பார்த்தேன். அக்கா படித்துவிட்டு, "மலையை ஏதாவது மாத்தி வைக்கப் போறாளா?" என்றாள். அத்தான் அதைக் 'கார்டன் கோர்ஸ்' என்கிறார். அக்கா 'அந்தப் படிப்பு' என்கிறாள். நானும் அப்படியே போகிறேன்.

விடுமுறைக்கு வந்தபோது நடந்த பேச்சு இது. நான் கூடவே இருந்தேன், ஆகவே கற்பனை குறைவு.

"ரோஜாச்செடி வைக்கிறதுக்கு அஞ்சு வருஷப் படிப்பாம்மா? பேசாம கட்டடப் படிப்புக்கு மாறிடு. முடிச்சதும் கடையில வந்து உக்காரு."

"ரோஜாச்செடி இல்லப்பா. ஒரு நிலத்துல எங்க கட்டலாம், எதைத் தொடவே கூடாது, பெய்ற மழை எங்க போகணும், அம்பது வருஷம் கழிச்சும் அந்த மண்ணு உசுரோட இருக்கணும்னா என்ன பண்ணணும், இதைத்தான் படிக்கிறேன். படிச்சுட்டு நிலத்தைப் பராமரிக்கிற வேலைக்குத்தான் போவேன்."

"அம்பது வருஷம் கழிச்சு நான் போட்ட கல்லும் அப்படியேதான் இருக்கும்."

"அதாம்பா பிரச்சினையே."

அக்கா டம்ளரை வைத்த சத்தத்தில் பேச்சு நின்றது. ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கல் பாவிய கொல்லைத் தண்ணீர் முழுவதும் குடோனுக்குள்தான் போகிறது, உள்ளே அடுக்கிய சிமெண்டு மூட்டைகள் கல்லாகிவிடுகின்றன என்பதை அக்கா நினைவூட்டினாள். கல்லான மூட்டைகளை அத்தான் வீணாக்குவதில்லை, வாசலில் வரிசையாகப் போட்டு வாடிக்கையாளரை உட்கார வைக்கிறார். அவருடைய வாடிக்கையாளர்கள் நிறையப் பேர் உட்காரலாம்.

"சரி, பந்தயம்," என்றார் அத்தான். "உன் படிப்பை நம்ம கொல்லையில காட்டு. அடுத்த மழைக்குக் குடோன் காஞ்சு கிடந்தா நீ அங்கயே படி. ஒரு மூட்டை நனைஞ்சாலும் கட்டடப் படிப்புக்கு மாறணும்."

"சரிப்பா," என்றாள் மண்புழு, யோசிக்காமலே.

3

அவள் போட்ட திட்டம் எளிமையானது. கொல்லை நடுவில் வட்டமாகக் கல்லைப் பெயர்த்துவிட்டு, படிப்படியாக இறங்கும் ஆழமில்லாத ஒரு பள்ளம். மழைத்தண்ணீர் அதில் சேர்ந்து மண்ணுக்குள் இறங்கும். ஓரத்தில் ஈரம் தாங்கும் செடிகள். அவ்வளவுதான்.

இதை வரைபடத்தில் சமஉயரக் கோடுகளால் காட்டுவார்கள். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் சேர்த்து ஒரு கோடு. ஆகவே பள்ளம் என்பது காகிதத்தில் வட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம். வாசகர் கவனிக்கவும், மேடும் காகிதத்தில் வட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம்தான். இரண்டுக்கும் வித்தியாசம் கோட்டின்மேல் எழுதும் எண்கள். உள்ளே போகப் போக எண் குறைந்தால் பள்ளம், கூடினால் மேடு.

மண்புழு எண்களை எழுதித்தான் வைத்திருந்தாள், முதலில் போட்ட வரைபடத்தில். அப்பாவுக்குக் கொடுக்க அழகான பிரதி ஒன்று எடுத்தாள். மெல்லிய மையில் கோடு, இளம்பச்சையில் நிழல், மூலையில் குட்டியாக ஒரு தவளை. எண்களை மட்டும் விட்டுவிட்டாள்.

"ஏன்டி?" என்று பிறகு கேட்டேன்.

"அசிங்கமா இருந்துச்சு மாமா."

பிரதியைக் கொடுத்துவிட்டு, கல்லூரியில் எல்லோரையும் கூட்டிப்போன ஒரு மலைச்சரிவுக்கு மண் அரிப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

4

வரைபடத்தை எடுத்துக்கொண்டு பொக்லைன் ஓட்டுநர் கொல்லைக்கு வந்தார். பீடியைக் காதில் செருகியபடி அவர் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்து

(நிறுத்துகிறேன். ஓட்டுநர் என்று யாரும் வரவில்லை. பழியைப் போட ஓர் ஆள் வேண்டும் என்று அத்தான் கேட்டார், நானும் உருவாக்கிக் கொடுத்தேன். வாய் பேசாத கற்பனை மனிதர், பழியைச் சுமக்க வசதியானவர். அக்கா கைப்பிரதியைப் படித்துவிட்டு, "இல்லாத மனுசன் தலையில எதுக்குடா போடற? மண்ணைக் கொட்டினது உங்க அத்தான்தான்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன். ஓட்டுநருக்கு விடை கொடுப்போம். பீடி வீண்.)

அத்தானே செய்தார். உதவிக்குக்கூட ஆள் வைக்கவில்லை. தான் போட்ட கல்லைத் தானே பெயர்த்தார். லாரியில் மண் தருவித்தார். பெரிய வட்டம் கீழே, அதற்குள் உள்ளது அதன்மேல் என்று அடுக்கினார். ஒவ்வொரு அடுக்குக்கும் ரசமட்டம் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார். எங்கள் குடும்பத்திலேயே இவ்வளவு ஒழுங்காக யாரும் எதையும் செய்ததில்லை. மகள் தோற்க வேண்டும் என்று பந்தயம் கட்டியவர் மகளின் வரைபடத்தில் ஒரு வளைவைக்கூட மாற்றவில்லை என்பதை இங்கே குறித்துவைக்க விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு அது பிடித்திருந்தது.

"தோண்டணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா அத்தான்?"

"மாப்ளே, என் தொழில்ல நான் எதையாவது தோண்டிப் பாத்திருக்கியா? நிரப்பித்தான் பழக்கம்."

5

மண்புழு திரும்பி வந்த மாலையில், அத்தான் மண்மேட்டின் உச்சியில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். (வாக்குக் கொடுத்தபடி வந்துவிட்டேன்.)

"எப்படிம்மா? காத்து பிச்சுக்கிட்டுப் போகுது! உன் படிப்புல விஷயம் இருக்கு, ஒத்துக்கறேன்."

பையைத் தோளிலிருந்து இறக்காமலே அவள் சுற்றி வந்தாள். ஒருமுறை. மறுபடியும்.

"அப்பா, பள்ளம் எங்கப்பா?"

"எந்தப் பள்ளம்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காவது ஊரறிந்த கதை. பள்ளம் பறிக்க மலையானது இங்கேதான். அக்காவின் துணிக்கொடி மேட்டுக்கு மேலே முழங்கால் உயரத்தில் தொங்கியது. காயப்போட்ட புடவை மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டேன். பிறகு மண்புழுவின் முகத்தைப் பார்த்தேன். அவள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்.

"நம்பர் போடாம விட்டது நான்தான்," என்றாள். "இது தண்ணியைக் குடிக்காதுப்பா. இன்னும் வேகமா குடோனுக்குத் தள்ளும்."

அத்தானுக்கும் சங்கடம்தான். ஆனால் சங்கடம் வந்தால் அவருக்குக் குரல் தடித்துவிடும். "பந்தயம்னா பந்தயம்மா. உன் பிளான்படிதானே செஞ்சேன்?" என்றார். மேட்டிலிருந்து இறங்கவும் இல்லை.

6

இங்கேதான் கதையும் நானும் மாட்டிக்கொண்டோம். மேகம் திரண்டுவிட்டது, மேட்டைக் கரைக்க நேரமில்லை. "கதையிலயாவது என்னைக் காப்பாத்து மாமா" என்று மண்புழு கேட்டாள். எழுதிக் காட்டிய முடிவுகள்:

மழை பெய்யவே இல்லை. மேகம் கலைந்து போனது. மண்புழு அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். "நான் ஜெயிக்க மழை வரக்கூடாதா? நிலத்தைக் காப்பாத்தத்தானே படிக்கிறேன்?"

மழை கொட்டியது, மேடு அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டது. அத்தானுக்கு ரொம்பப் பிடித்தது. மகள், "கதைன்னாலும் தண்ணி மேட்டுக்கு ஏறாது மாமா" என்றாள்.

குடோன் மூழ்கியது. அத்தான் கதறி அழுது மகளைக் கட்டிக்கொண்டு "என்னை மன்னிச்சிடும்மா" (அக்கா சிரித்த சிரிப்பில் இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. "அவரா? பல் புடுங்கினப்பக்கூட வலிக்கலைன்னு சொன்ன மனுசன்டா!")

ஆக, முடிவு கைவசம் இல்லை.

7

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நடந்துகொண்டிருப்பதை என்று சொல்வதே சரி, ஏனென்றால் கொல்லை வாசலில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் இந்தக் காகிதமுமாக நிற்கிறேன்.

மழை பிடித்துவிட்டது. அத்தான் உச்சியில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். இறங்கினால் தோற்ற மாதிரி என்று நினைக்கிறார் போலும். தலை முழுக்க நனைந்து, டம்ளரில் டீயை விட மழை அதிகம். மேட்டில் விழும் தண்ணீர் நாலா பக்கமும் வழிந்து, கல்தளத்தில் சறுக்கி, சேர்ந்து, குடோனைப் பார்த்து நடக்கிறது. எல்லாம் அவருக்கு அங்கிருந்து தெரிகிறது. தன் கொல்லையை அவர் மேலேயிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

நெடுநேரம் பார்க்கிறார். பிறகு கத்துகிறார்: "ஏ புழு! இந்தத் தண்ணியை எங்கம்மா திருப்பறது?"

அவர் மகளிடம் இப்படி ஒன்றைக் கேட்டு நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை போல, கையில் இருந்த துணியை அப்படியே கீழே போட்டுவிட்டாள்.

மண்புழு தண்ணீர் போகும் வழியை, சுவரை, ஓரத்தைப் பார்க்கிறாள். "கல்லு பாவுன இடத்துல தண்ணியைத் திருப்பறது எங்களுக்கு அடுத்த வருஷப் பாடம்பா," என்கிறாள்.

"நீ அடுத்த வருஷம் படிச்சுட்டு வர்றதுக்குள்ள சிமெண்டு கல்லாயிடும். இப்பவே சொல்லு!"

(இதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நானும் படித்தேன். பந்தயம் கட்டியவருக்கே தான் என்ன சொன்னோம் என்று தெரியுமா, தெரியவில்லை.)

"மதில் ஓரத்துக் கல்லை எடுக்கணும்பா. அந்த வரிசை முழுக்க. அங்க மண்ணு தாழ இருக்கு, குடிச்சுக்கும்."

மதில் ஓரத்து வரிசை அத்தான் தொழில் தொடங்கிய புதிதில் முதன்முதலாகப் பதித்தது. விருந்தாளி யார் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டுவார். அவர் இப்போது மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்குகிறார், ரசமட்டம் பார்த்த அடுக்குகள் பின்னாலேயே சரிகின்றன. கடப்பாரையைத் தேடி எடுக்கிறார். ஓரத்துக்குப் போகிறார். நுனியை இடுக்கில் செருகுகிறார்.

நிற்கிறார். மகளைப் பார்க்கிறார். மகளும் கடப்பாரையைப் பிடிக்கிறாள்.

தண்ணீர் குடோன் படிக்கு விரற்கடை தூரத்தில் இருக்கிறது. இந்த இடத்தில் நான் அருமையான ஒரு கடைசி வாக்கியம் வைத்திருந்தேன், மண்ணையும் மனத்தையும் சேர்த்து ஒரே

"மாப்ளே! எழுதிக் கிழிச்சது போதும், ஓடிப்போய் மூட்டையைத் தூக்கு!"

போகிறேன். குடையை இங்கேயே வைக்கிறேன். கடப்பாரையில் இரண்டு பேர் கைதான் இருக்கிறது, கல்லோ அத்தான் பதித்தது, லேசில் அசையாது. நீங்கள் சும்மாதானே நிற்கிறீர்கள்? வந்து ஒரு கை கொடுங்கள்.