ஏழு கொட்டாவி கேக்

சொல்லாமல் வீட்டுக்கு வருகிறவனுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது. மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டு வருகிறவனுக்கு அதைவிடப் பெரிதாக ஏதோ வேண்டியிருக்கிறது. பேருந்துகளில் பயணச்சீட்டு பரிசோதித்தே பத்தொன்பது வருடம் ஓட்டிய அக்காவின் கணிப்பு இது. தம்பி மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டு வந்தான். அதுவும் வேனில் வந்தான்.

பணிமனையில் அக்காவுக்கு 'எக்ஸ்ரே' என்று பட்டப்பெயர். படியில் ஏறி நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், சீட்டு எடுக்காத ஆள் தானாகவே சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்துவிடுவான். அப்பாவைப் பார்த்துக்கொள்ள நீண்ட விடுப்பு போட்டுப் பதினாறு மாதம் ஆகியும் அந்தப் பார்வை மட்டும் துருப்பிடிக்கவில்லை. தம்பி வேனின் பின்கதவைத் திறந்து ஓர் ஓவனை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அந்தப் பார்வை சட்டென்று விழித்துக்கொண்டது.

"என்னடா இது?"

"ஓவன்க்கா. உனக்கு ஒரு கேக் பண்ணித் தரப் போறேன்."

"உன் வீட்டுல பண்ணி எடுத்துட்டு வர வேண்டியதுதானே?"

"இத சூடாத்தான் சாப்பிடணும். ஆறினா போச்சு."

தம்பி ஏசி பழுது பார்க்கிற ஆள். வேலைக்கே இருசக்கர வண்டியில் போகிறவன். ஓர் ஓவனுக்காக வேனைக் கேட்டு வாங்கி வருவானா? ஓவன் ஒரு மூலையில் அடங்கிவிடும். மீதி இடத்தில் ஒரு சக்கர நாற்காலியும், அதில் உட்கார்ந்த நிலையில் ஒரு மனிதரும் தாராளமாகப் பிடிக்கும். அக்கா இடுப்பில் தொங்கிய சாவி வளையத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதம் முன்பு தம்பியின் மனைவி பளபளப்பான ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினாள். புல்வெளி, வெள்ளை உடை போட்ட பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஒரு கிழவர். 'முதியோர் பராமரிப்பு' என்ற தலைப்புக்கு மேல் அக்கா படிக்கவில்லை. தம்பி மனைவியின் கண்ணெதிரிலேயே நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அப்பாவை ஓர் இல்லத்தில் கொண்டு தள்ளிவிடப் பார்க்கிறார்கள். தான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது.

தம்பியை நம்பாததற்கும் காரணம் இருந்தது. பதினாறு மாதம் முன்பு, பல் பிடுங்கிக்கொள்ள ஒரு மணி நேரம் போயிருந்தாள். அப்பாவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்திருந்த காலம். பார்த்துக்கொள்ளச் சொல்லி இவனை உட்கார வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அப்பா குளியலறைத் தரையில் கிடந்தார். இவன் கூடத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். இடுப்பு எலும்பு முறிந்தது முறிந்ததுதான். இப்போது அப்பாவால் நடக்க முடியாது. ஆனால் நடக்க முடியாது என்பது அவருக்கு நினைவிருக்காது. திடீரென்று எழுந்திருக்கப் பார்ப்பார். அதனால் அக்கா அடுப்படியில் நிற்கும்போது அவர் அறையைப் பூட்டுவாள். அந்தச் சாவி, மருந்து அலமாரிச் சாவி, வாசல் சாவி மூன்றும் ஒரே வளையத்தில் அவள் இடுப்பின் இடப்பக்கம் கொக்கியில் தொங்கும். படுக்கும்போதும் கழற்ற மாட்டாள். இடப்பக்கம் திரும்பினால் குத்தும் என்பதால், பதினாறு மாதமாக வலப்பக்கமாகவே படுக்கிறாள். அதைத் தூக்கம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டபடி தம்பி சமையலறை மேடையைத் துடைத்தான்.

"இருக்கார்."

"மதியத்துக்கு மேல மாத்திரை எத்தன மணிக்கு?"

"நாலு. ஏன்?"

"சும்மா கேட்டேன். ஆமா, மெத்தை விரிப்பெல்லாம் எந்த அலமாரில வெச்சிருக்க?"

கேக் செய்ய வந்தவனுக்கு மெத்தை விரிப்பு எதற்கு? அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் கேட்டதையே மறந்தவன் போல வெண்ணெயையும் சர்க்கரையையும் போட்டு அடிக்க ஆரம்பித்தான். முட்டையை ஒற்றைக் கையால் உடைத்தான். இவன் எங்கே இதையெல்லாம் கற்றுக்கொண்டான்? கறுப்புத் திராட்சையை ஒவ்வொன்றாக இரண்டாக வெட்டி, விதை எடுத்து, தேனில் ஊற வைத்தான். மடித்து மடித்துக் கிழியப்போன ஒரு தாளை அடிக்கடி எடுத்துப் பார்த்தான்.

பால் எடுக்க அவள் திரும்பிய நேரத்தில்தான் அது நடந்தது. அலமாரிக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. தம்பி இவள் முதுகைப் பார்த்தான். போனை எடுத்து அணைத்தான். அரிசி டப்பாவைத் திறந்து, அரிசிக்குள் ஆழமாகச் செருகி மூடினான்.

அக்கா பாலை நிதானமாகவே எடுத்து வந்தாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றால் பறக்கக் கூடாது, அது தொழில் பாடம். யாரோ இவனைக் கூப்பிடப் போகிறார்கள். அது தன் காதில் விழக் கூடாது. இல்லத்து ஆட்கள்தான். வேறு யார்?

"இந்தப் பொட்டலம் என்னடா?"

"கலர் பொடி. நீலம்."

விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டாள்.

கேக் ஓவனுக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் தேனும் வெண்ணெயும் திராட்சையுமாக ஒரு வாசனை வீடு முழுக்கப் பரவியது. அக்காவுக்கு ஒரு கொட்டாவி வந்தது. தம்பி அதைக் கவனித்தான். அவன் கவனித்ததை அவள் கவனித்தாள்.

கிண்ணத்தைக் கவிழ்த்தது போலக் கேக் வெளியே வந்தது. அதன்மேல் நீலப் பாகை ஊற்றினான். பிறகு உருக்கிய சாக்லேட்டில் குச்சியைத் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தான். மூடிய ஒரு கண். மூடிய இன்னொரு கண். கீழே, அகலமாகத் திறந்த ஒரு வாய்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். தம்பிக்கு எழுத்துக் கூட்டவே வராத வயதில், பழைய தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து இருவரும் விளையாடிய வீடியோ விளையாட்டு. பொத்தானை அமுக்குவது அவன், திரையில் வருவதைப் படித்துச் சொல்வது அவள். கோபுரத்தில் ஒரு வயதான ராஜா அடைபட்டிருப்பார். வாசலில் இடுப்பில் சாவியோடு ஒரு காவல்காரன், கண்ணை இமைக்கவே மாட்டான். சண்டை போட்டால் தோல்விதான். அரண்மனைச் சமையலறையில் நிலாப்பூ மாவும் தூங்குமூஞ்சிப் பழமும் தேனும் சேர்த்து ஏழு கொட்டாவி கேக் செய்ய வேண்டும். ஆறினால் பலிக்காது, ஓடிப்போய்ச் சூடாகக் கொடுக்க வேண்டும். காவல்காரன் தின்பான், ஏழு தடவை கொட்டாவி விடுவான், சாய்ந்துவிடுவான். சாவியை எடுத்து, கோபுரத்தைத் திறந்து, ராஜாவை வண்டியில் ஏற்றிக் கடத்திக்கொண்டு போய்விடலாம்.

"டேய், இது…"

"ஏழு கொட்டாவி கேக்! கண்டுபிடிச்சிட்டியா?" தம்பிக்கு முகமெல்லாம் பல்.

"இப்ப எதுக்கு இது?"

பல் மறைந்தது. "சும்மாதான்க்கா. ஞாபகம் வந்துச்சு." இதைத் தரையைப் பார்த்துச் சொன்னான்.

என்ன நெஞ்சழுத்தம்! திருட வருகிறவன் திட்டத்தைக் கேக்கின் மேல் படமாகவே வரைந்து நீட்டுகிறான். தான் வளர்த்த பிள்ளை தன்னையே ஏமாளி என்று எடை போட்டுவிட்டானே! ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் இரண்டு துண்டு வெட்டித் தட்டுகளில் வைத்ததும், "குடிக்கத் தண்ணி கொண்டு வா" என்றாள். அவன் திரும்புவதற்குள் தட்டுகளை மாற்றிவிட்டாள்.

தம்பி வந்தான், உட்கார்ந்தான், மாற்றி வைத்த துண்டைக் கொஞ்சமும் யோசிக்காமல் தின்றான். விரலில் ஒட்டிய நீலத்தையும் நக்கினான். வேறு வழியில்லாமல் அக்காவும் ஒரு வாய் வைத்தாள்.

நன்றாக இருந்தது. பாழாய்ப் போன கேக் அவ்வளவு நன்றாக இருந்தது. உட்கார்ந்து, சூடாக, யாரோ செய்து கொடுத்த ஒன்றை அவள் தின்று எத்தனை மாதம்! கண் கலங்கியது. உடனே அதன்மேலும் சந்தேகப்பட்டாள்.

மணி இரண்டரை. அப்பா மதியத் தூக்கத்தில் இருந்தார். அக்கா சாய்வு நாற்காலியை அவர் அறைக் கதவுக்கு எதிரிலேயே போட்டு உட்கார்ந்தாள். வேன் புறப்பட வேண்டுமானால் தன்னைத் தாண்டித்தான் புறப்பட வேண்டும். தம்பி சமையலறையில் சத்தம் வராமல் பாத்திரம் கழுவினான். அவன் என்றைக்குப் பாத்திரம் கழுவினான்? இரண்டாவது கொட்டாவி வந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். மூன்று. எழுந்து நிற்கலாம் என்று நினைத்தாள், கால் வேறு மாதிரி நினைத்தது. நான்கு. தட்டைத்தான் மாற்றிவிட்டோமே, பிறகென்ன? ஐந்து. ஆறாவதைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். ஏழாவது அவளுக்குத் தெரியாது.

விழித்தபோது ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை. மேலே போர்வை. கடிகாரத்தில் ஆறு பத்து. கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

சாவி இல்லை.

தட்டை மாற்றுவேன் என்று தெரிந்தே வைத்திருக்கிறான்! எதிரில் கதவு திறந்து கிடந்தது. அறையில் அப்பா இல்லை, சக்கர நாற்காலி இல்லை. மெத்தைமேல் விரிப்புகூட இல்லை. சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அக்கா செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினாள். வேன் அங்கேயே நின்றது. அப்படியானால் இல்லத்து வண்டியே வந்திருக்கிறது. நாலு மணி மாத்திரை! கத்த வேண்டிய கத்தல் முழுவதும் தொண்டையில் தயாராக நிற்க, பின்பக்கத்தையும் பார்த்துவிட ஓடி, கொல்லைக் கதவைத் தள்ளினாள்.

முதலில் தெரிந்தது விரிப்புதான். கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் சக்கர நாற்காலி. நாற்காலியில் அப்பா, தலை சாய்ந்து, உதட்டில் நீலத்தோடு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் தம்பி.

"மெதுவாக்கா," என்றான். "இப்பத்தான் கண்ணசந்தார்."

அவளுக்குச் சட்டென்று வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "மாத்திரை?"

"நாலு மணிக்குக் குடுத்தேன். ரெண்டு வெள்ளை, அரை மஞ்சள். உன் நோட்டுல எழுதியிருக்கேன். விரிப்பு நனைஞ்சிருச்சு, அலசிப் போட்டுட்டேன்."

"என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்புறதுக்கா நாலு ஞாயித்துக்கிழமை கருக விட்டு கருக விட்டு இந்த கேக்கப் பழகினேன்? தூங்குன்னா நீ தூங்குவியா? நான் பாத்துக்குறேன்னா விடுவியா?"

"உன் பொண்டாட்டி கொண்டு வந்தாளே, அந்த இல்லம்…"

"எந்த இல்லம்? அது பகல்ல வீட்டுக்கு வந்து பாத்துக்குற ஆளுங்களப் பத்தின காகிதம். உனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்னு கொண்டு வந்தா. நீ படிக்கவே இல்லையா?"

எக்ஸ்ரே தலையைக் குனிந்துகொண்டாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு சீட்டைக்கூட முழுக்கப் படிக்காமல் கிழித்தவள் இல்லை அவள்.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். அப்பாவின் இடது மணிக்கட்டிலிருந்து தம்பியின் வலது மணிக்கட்டுக்கு ஒரு துணி போயிற்று. அவனுடைய கைக்குட்டை. இரண்டு பக்கமும் முடிச்சு.

"கையில என்னடா?"

தம்பி இடது கையால் முடிச்சைத் தடவினான்.

"அன்னிக்கு அவர் விழுந்த சத்தம் எனக்குக் கேக்கவே இல்லக்கா," என்றான். "இப்ப அவர் விரல அசைச்சாலே எனக்குத் தெரியும்."

விளையாட்டில் காவல்காரன் விழித்ததும் கத்துவான், ஓட வேண்டும். அக்காவின் தொண்டையில் நின்ற கத்தல் வேறு ஏதோவாக மாற, அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தம்பி அவசரமாக இடது கையால் சட்டைப் பையிலிருந்து சாவி வளையத்தை எடுத்து நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. அப்பாவின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"இப்படியா இறுக்கிக் கட்டுவாங்க? கை வீங்கிடாது?"

முடிச்சை அவிழ்த்தாள். ஒரு விரல் நுழைகிற அளவு இடம் விட்டு, அதே இடத்தில் திரும்பக் கட்டினாள். தம்பி பக்கத்து முடிச்சையும் இழுத்துச் சரிபார்த்தாள்.

"ராத்திரி மாத்திரை எட்டு மணிக்கு," என்றாள். "சாவிய வெச்சுக்கோ."

"க்கா, என் போன்…"

"அரிசி டப்பாவுல இருக்கு. தெரியும். அங்கயே இருக்கட்டும்."

உள்ளே வந்தாள். நாற்காலிமேல் கிடந்த போர்வையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கட்டிலில் படுத்து, பழக்க தோஷத்தில் வலப்பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு, மெதுவாக இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். எதுவும் குத்தவில்லை.