மாப்பிள்ளை எந்த ஊர்?

1

இந்தக் கதை சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயில் அன்னதான வரிசையில் எனக்குக் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற இராஜேஸ்வரி அன்ரி பாதியைச் சொன்னா, மீதியை நான் போட்டேன். எழுதட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாமென்றிருப்பா.

2

தொடக்கம், முதல் முயற்சி: சிட்னியின் அந்திவானம் செம்பருத்தியாய்ச் சிவந்து... [சீ.]

இரண்டாம் முயற்சி: அன்ரியின் மகள் சயந்தினி ஒரு பிரெஞ்சுக்காரனை விரும்பினாள். பெயர் லோயிக், பரமட்டாவில் அவளோடு ஒரே அலுவலகம். "நீங்கள் ஓம் எண்டாத்தான் அம்மா கலியாணம். இல்லையெண்டா இல்லை" என்றாள். அன்ரிக்கு அதுதான் பயம். தான் இல்லையென்று சொன்னால் இந்தப் பெட்டை உண்மையாகவே சொல்வழி கேட்டுவிடும், பிறகு ஆயுசுக்கும் தனியாக இருந்துவிடும்.

3

ஆகவே நாங்கள் எல்லோரும் செய்வதை அன்ரியும் செய்தா. விசாரித்தா. தம்பி சிறி முப்பது வருசமாய்ப் பாரிஸில்; அவனுக்குப் போன் எடுத்தா.

"பெடியன்ர ஊருக்கு ஒருக்காப் போட்டு வா. என்ன ஆக்கள், பரம்பரையா அந்த இடந்தானோ எண்டு பார்."

சிறி ரயிலேறிப் போய், லோயிக்கின் தாய் தகப்பனோடு சாப்பிட்டும் வந்தான். (அந்த விருந்தை எழுதி வெட்டிவிட்டேன். ஆட்டிறைச்சி நன்றாக வந்திருந்தது, மனிதர்கள் வரவில்லை.)

"அக்கா, தகப்பன் ஆக்கள் பிரெத்தோன், மேற்குக் கடற்கரைப் பக்கம். தனிப் பாஷை.* முந்திப் பள்ளிக்கூடத்தில அதைக் கதைச்சா அடியாம்."

"ஐயோ பாவம். தாய்?"

"தாயின்ர தகப்பன் ஆக்கள் போலந்து, நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்தவை. தாயின்ர தாய் ஸ்பெயின். அங்கத்தை உள்நாட்டுச் சண்டைக்குத் தப்பி மலையால நடந்து வந்தவையாம்."

அன்ரியும் சண்டைக்குத் தப்பி, கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்தவதான்.

"அப்ப அந்த வீட்டில ஆரடா பிரெஞ்சுக்காரன்?"

"சாப்பிடேக்க நானும் அதைத்தான் யோசிச்சனான். பாஸ்போட்டைப் பாத்தா எல்லாரும். என்னட்டயும் இருக்குத்தானே."

* பிரெத்தோன்காரரும் ஆதியில் பிரித்தானியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். நாட்டுக்குப் பெயர் கொடுத்த பிராங்குகளோ ரைன் நதிப் பக்கத்து ஜெர்மானியர்கள். இதை அன்ரிக்கு நான் சொல்லவில்லை. ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டு நின்றா.

4

முடிவில்தான் எனக்குச் சிக்கல். லோயிக்கின் கொள்ளுப்பாட்டி ஒருத்தி பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில் பிறந்த தமிழச்சி என்று வைத்தால் எல்லோரும் சந்தோசமாய்ச் சாப்பிடப் போகலாம். வைத்துப் பார்த்தேன். பச்சைப் பொய். அடித்துவிட்டேன்.

மற்ற முடிவு: அன்ரி மாட்டேன் என்கிறா. சயந்தினி தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குள் போய்... [முடியவில்லை. அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்கும்.]

5

அதே வரிசைக்கு வருவோம். கார் நிறுத்தப் போன சயந்தினியும் லோயிக்கும் வந்து சேர்ந்தார்கள். சோறு போட்டுக்கொண்டிருந்த யாமினி அன்ரி கரண்டியை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டா:

"ஆர் இந்தப் பெடியன்? மாப்பிள்ளையோ? எந்த ஊர்?"

சயந்தினி தாயின் முகத்தையே பார்த்தாள்.

பதில்: [                                ]

நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு நான் என் தட்டை நீட்டினேன். இராஜேஸ்வரி அன்ரி உங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

"ஓம்," என்றா. "எங்கட தம்பி சிறியின்ர ஊர். பெடியனுக்குச் சோத்தைப் போடும்."