பதினாறாவது திருகு

திருகு நேராக இருந்தது. அதுதான் தப்பு.

கொளஞ்சிநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். நேராகத்தான் இருந்தது. ஆயுத பூஜைக் காலை, மணி ஆறரை. துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே அவர் போட்டிருந்த சிமென்ட் ஷீட் கொட்டகையில், பழைய துண்டை நாலாக மடித்து, அதன்மேல் ரயில் இன்ஜினை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார். முழங்கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான இன்ஜின். செம்புக் குழாயில் பாய்லர், பித்தளையில் சிலிண்டர், கறுப்புப் பெயின்ட். அந்தக் காலத்து மீட்டர் கேஜ் நீராவி இன்ஜின் எப்படி இருந்ததோ அப்படியே. பதினோரு மணிக்குக் கம்பெனியில் பூஜை. பூஜை முடிந்ததும் அத்தனை பேர் முன்னாலும் இது ஓடப்போகிறது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து அடியிலும் ஒரு சந்தனப் பொட்டு வைக்கலாம் என்றுதான் புரட்டினார்.

அடித்தகட்டில் பதினாறு திருகுகள். முறுக்கி முடிக்கும்போது ஒவ்வொரு திருகின் தலைப்பிளவும் தண்டவாளம் போகும் திசையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கழற்றி, அடியில் மெல்லிய வாஷர் கொடுத்துத் திரும்ப முறுக்குவார். பீங்கான் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக அச்சு ஃபிட்டராக இருக்கிற மனிதருக்கு அது கையோடு ஒட்டிய பழக்கம். “இன்னாடா இது, ரேஷன் கடை க்யூ மாதிரி நிக்குதுங்க” என்று கூட்டாளி திருமால் கேலி பண்ணுவான்.

ஆனால் பதினாறாவது திருகை மட்டும் அவர் கோணலாக விட்டிருந்தார். வேண்டுமென்றேதான். பிள்ளைக்குக் கன்னத்தில் மை வைக்கிறோமே, அந்த மாதிரி ஒரு திருஷ்டிப் பொட்டு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கிற ஆள் இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? திருமாலிடம் சொல்லவில்லை. மனைவி கனிமொழியிடமும் சொல்லவில்லை. அடித்தகட்டை மூடி அந்தத் திருகைக் கோணலாக நிறுத்திய நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஜூலை மாதம். அதற்கு மறுநாள்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்புறம் யாரோ திறந்திருக்கிறார்கள். அவருடைய பழக்கம் தெரிந்த யாரோ. பதினாறையும் நேராக நிறுத்தி, அவரே மூடியதுபோல மூடியிருக்கிறார்கள். கோணலைப் பார்த்து, பாவம், கொளஞ்சி தவறவிட்டுவிட்டான் என்று திருத்திவேறு வைத்திருக்கிறார்கள்.

திருப்புளியை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது வருஷம். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல், ஷிஃப்ட் முடிந்த சாயங்காலம் எல்லாம் இந்தக் கொட்டகைக்குத்தான். சென்னையில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கிய குட்டி லேத்தில் சக்கரம் கடைந்தார். பிஸ்டன் இரண்டையும் கடைந்து முடிக்க மட்டும் நாலு மாசம். எல்லாம் முடிந்து, கீழே ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, பிரஷர் முள் ஏறி, வால்வைத் திறந்தால் சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றும். நிற்கும். உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாற்பது தடவை பிரித்துக் கோத்திருப்பார். நாற்பது தடவையும் அதே அரைச் சுற்று. கம்பெனியில் அவருக்கு “டிரைவர்” என்று பெயரே வைத்துவிட்டார்கள். சூளை வேலை பார்க்கும் அறிவழகன் கேட்டுக்குள் நுழையும்போதே, “என்னா டிரைவரே, வண்டி எப்பக் கெளம்புது?” என்று ஆரம்பித்துவிடுவான்.

ஜூலையில் மாரடைப்பு. பாண்டிச்சேரியில் ஸ்டென்ட் வைத்துப் பத்து நாள் படுக்கை. திரும்பி வந்த இரண்டாவது வாரம் திருமால் வந்து, கண்ணைச் சிமிட்டி, கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனான். மங்கலம்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் அவன். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டு. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சும்மாயிருக்க முடியாமல் பிரித்துப் பார்த்தேன், சின்ன அடைப்புதான், ஊதி எடுத்துவிட்டேன் என்றான். விளக்கை ஏற்றினான், வால்வைத் திறந்தான். குப்பென்று ஆவி. சக்கரம் அரைச் சுற்றைத் தாண்டியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஆறடித் தண்டவாளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடி நின்றது. கொளஞ்சிநாதன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார். கனிமொழியும் அழுதாள். திருமால் எடுத்த வீடியோ தெரு முழுக்கச் சுற்றியது.

அன்றிலிருந்து கம்பெனியில் யாரும் அவரை டிரைவர் என்று கூப்பிடவில்லை. அறிவழகன்கூட, “வாங்கண்ணே, உடம்பு எப்பிடி இருக்குது?” என்றுதான் கேட்டான். மரியாதை வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்போது, துண்டின்மேல் மல்லாந்து கிடக்கும் இன்ஜினைப் பார்க்கப் பார்க்க, ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தது. மூணு மாசத்துக்கு அவர் அனல் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகக் கனிமொழி சொன்னாள். டாக்டர் அவரிடம் சொன்னது கனம் தூக்கக் கூடாது என்பது மட்டும். அதனால் ஒவ்வொரு தடவையும் விளக்கு ஏற்றியது திருமால். ஒவ்வொரு தடவையும் வால்வைத் திறக்கும்போது திருமாலின் இடது கை சட்டைப் பைக்குள் இருந்தது. பீடி தேடுகிறான் என்று நினைத்தார். திருமால் பீடியை விட்டு ஆறு வருஷமாகிறது.

திருப்புளியை எடுத்தார்.

பதினாறையும் கழற்றித் தகட்டைத் தூக்கியதும் வாய் திறக்காமல் சிரித்தார். சிரிப்பென்று சொல்ல முடியாது, மூக்கு வழியாக வந்த காற்று. நடு அச்சில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். அதை ஒட்டிக் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மோட்டார். பொம்மைக் காரில் வருமே, அது. பக்கத்தில் பேட்டரி, சூடு படாமலிருக்க மைக்கா தாள் சுற்றி, மெழுகு நூலால் கட்டப்பட்டிருந்தது. அந்த முடிச்சு அவருக்குத் தெரியும். ஊரில் பாதிப் போர்வெல் மோட்டாருக்குள் அந்த முடிச்சு இருக்கிறது. முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த முடிச்சு.

சிலிண்டர் மூடிகளைக் கழற்றினார். இடது பக்கம் காலி. வலது பக்கம் காலி. மோட்டாருக்கு இழுவை குறைய வேண்டுமென்று பிஸ்டன்களை உருவிவிட்டிருந்தான். அன்றைக்குக் குப்பென்று வந்த ஆவி ஒன்றையும் தள்ளவில்லை. வெறும் ஓட்டை வழியே வந்து புகைபோக்கியில் போயிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அழுதிருக்கிறார்.

எட்டு மணிக்குத் திருமாலின் பைக் சத்தம் கேட்டது. புதுச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் மாலை. இன்ஜினுக்கு வாங்கிய மாலை. கொட்டகை வாசலில் தலையைக் குனிந்து நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பெஞ்சின்மேல் மோட்டார், பேட்டரி, பல்சக்கரம் மூன்றும் வரிசையாக இருந்தன, போலீஸ் ஸ்டேஷனில் திருட்டுச் சாமானைப் பரப்பி வைப்பார்களே அப்படி.

“கொளஞ்சி...” என்றான்.

“ரிமோட்டு எங்க?”

திருமால் சட்டைப் பைக்குள் கையை விட்டு எடுத்து வைத்தான். சின்னக் கறுப்பு டப்பா, ஒற்றைப் பொத்தான்.

“நீ ஆஸ்பத்திரியில கெடந்த கெடப்பு ஒனக்குத் தெரியாதுடா. மயக்கத்துல, அரைச் சுத்து அரைச் சுத்துன்னு அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்த. தங்கச்சி அழுவுது. எனுக்கு வேற வழி தெரியல.”

“பிரிச்சுப் பாத்தியா?”

“எதை?”

“ஏன் நிக்குதுன்னு. பிரிச்சுப் பாத்தியா, இல்ல நேரா மோட்டார வாங்கப் போயிட்டியா?”

திருமால் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். அதைப் பார்த்தபோதுதான் கொளஞ்சிநாதனுக்கு உண்மையான அடி விழுந்தது. மோட்டார் வைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். இது ஓடவே ஓடாது என்று இவன் எப்போதோ முடிவு கட்டியிருக்கிறான். ஒன்பது வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்து, டீ குடித்து, ஆமாண்டா வந்துடும்டா என்று தலையாட்டிக்கொண்டே முடிவு கட்டியிருக்கிறான்.

“இப்ப என்னா, மாட்டி எடுத்துக்கிட்டுப் போவலாம் வா” என்று திருமால் குரலைத் தணித்தான். “அங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவங்கள்லாம்...” சட்டென்று நிறுத்தினான்.

நிறுத்தியிருக்க வேண்டாம். நிறுத்தியதால்தான் புரிந்தது. வாங்கண்ணே, உடம்பு எப்பிடி இருக்குது. ஏழு வாரமாகக் கேட்டில் கிடைத்த மரியாதை என்னவென்று புரிந்தது. கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டச் சொல்லி எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அவருக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

கொல்லைக் கதவருகே கனிமொழி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. தலைக்குக் குளித்து ஈரத்துணி சுற்றியிருந்தாள். அவர் அவளைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், பிஸ்டன் எங்கே என்று. அவனா நீயா யார் முதலில் சொன்னது, எத்தனை நாள் பேசினீர்கள் என்றெல்லாம் கேட்க வாய் வரவில்லை. அவள் உள்ளே போனாள். அரிசி டிரம்மின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சு.

“தூக்கிப் போட மனசு வரலங்க” என்றாள். “அண்ணன் போட்டுடச் சொன்னாரு. நான்தான் வெச்சிருந்தேன்.”

முடிச்சை வாங்கிப் பிரித்தார். இரண்டும் பளபளவென்று இருந்தன. துரு ஏறாமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தாள். சுற்றிலும் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தது. அவர் அரிசியை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் வைத்தார்.

“மறைச்சது தப்புத்தான்” என்றாள். “ஆனா அன்னிக்கு நீங்க அழுதுக்கிட்டே சிரிச்சீங்க. ஆஸ்பத்திரிக்குப் போனதுலேருந்து மொத தடவ.”

“சிரிச்சது நானு. எதைப் பாத்துச் சிரிச்சேங்கிறத மட்டும் நீங்க ரெண்டு பேரும் மறைச்சு வெச்சிக்கிட்டீங்க.”

அவர் குந்தி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். பிஸ்டனை மாட்டி, ஆவி கசியாமலிருக்கத் திரி சுற்றி, மூடியை முறுக்கி, அச்சைக் கையால் சுற்றிப் பார்த்தார். கடைசியாக அடித்தகடு. பதினைந்து திருகு முடிந்து பதினாறாவதுக்கு வந்ததும் கை ஒரு நொடி நின்றது. இனி இதற்குக் கண் பட என்ன இருக்கிறது? அதையும் நேராகவே நிறுத்தினார்.

கம்பெனி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பிரஸ், மண் அரைக்கும் மெஷின், லாரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, பொரியும் கடலையும் படைத்து, தீபாராதனை முடிந்து, பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது. சூளைக்கு முன்னாலிருந்த வெட்டவெளியில் மேஜை போட்டு, அதன்மேல் ஆறடித் தண்டவாளம். வெயில் நேராக அடித்தது. அறுபது எழுபது பேர், பெண்கள், பிள்ளைகள். கனிமொழி பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில். திருமாலும் வந்திருந்தான். பின்னாலேயே பைக்கில் வந்து, கூப்பிடாத இடத்துக்கு வந்தவன் மாதிரி தூணோரம் நின்றான்.

கொளஞ்சிநாதன் இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தார். குங்குமத் தட்டில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, அந்தக் கறுப்பு டப்பாவை வைத்தார். பக்கத்தில் மோட்டார். முன்வரிசையில் நின்றவர்கள் முகங்கள் ஒரே நேரத்தில் மாறின. யாரோ யாரையோ இடித்தார்கள். முதலாளி இருமினார். இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

அவரே விளக்கை ஏற்றினார். எழுபது நாளைக்கு அப்புறம் முகத்தில் அனல் பட்டது. முள் மெல்ல ஏறியது. ஒரு சத்தமில்லை. தலைக்குமேல் கொடிக்கயிற்றில் கட்டிய காகிதங்கள் மட்டும் படபடத்தன. வால்வைத் திறந்தார்.

சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியது. நின்றது. உஸ்.

கூட்டத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், முன்பே சொல்லிவைத்தபடி. இரண்டு பேர், நாலு பேர். ஓடாத வண்டிக்குக் கைதட்டல். அவர் திரும்பாமலே கையை உயர்த்தினார். தட்டல் நின்றது. இன்ஜினின் சீறல் மட்டும் மிச்சம்.

கூட்டத்தின் பின்னாலிருந்து அறிவழகனின் குரல் வந்தது. முதலில் தொண்டையைச் செருமினான், பிறகு கொஞ்சம் தயங்கி, பழைய குரலில்:

“என்னா டிரைவரே. சிக்னல் வுழலியா?”

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஏழு வாரத்தில் இவர்கள் தன்னிடம் சொன்ன முதல் உண்மையான வார்த்தை இதுதான் என்று கொளஞ்சிநாதனுக்குத் தோன்றியது. வால்வை மூடாமல் குனிந்தார். மூக்கு பாய்லரில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். கொட்டகையின் மங்கலில் ஒன்பது வருஷமும் கண்ணில் படாதது ஒன்று, இந்த உச்சி வெயிலில், கறுப்புப் பெயின்டுக்கு எதிரே தெரிந்தது. இடது சிலிண்டருக்கு மேலே, வால்வுப் பெட்டியும் சிலிண்டரும் சேருமிடத்தில், தையல் நூல் தடிமனுக்கு ஆவி கசியும் ஒரு வெள்ளை இழை. வந்தது, வளைந்தது, காற்றில் கரைந்தது, மறுபடி வந்தது.

பக்கவாட்டில் ஒரு கை நீண்டது. அதில் ஒரு ஸ்பேனர். திருமாலின் கை. அந்த நகக்கண்ணில் இருக்கிற வார்னிஷ் கறை எந்தக் கூட்டத்திலும் அவருக்குத் தெரியும்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தன்னுடைய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, வெள்ளை இழையிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னும் கொஞ்சம் குனிந்தார். நீண்டிருந்த கை அப்படியே இருந்தது. அந்த ஸ்பேனரின் மேல் ஆவி பட்டு, பொடிப் பொடியாக வியர்த்திருந்தது.