பாட்டு வலித்த காலம்

டெனர் குரல்கள் மேலே ஏறுகிற அந்த இடத்தில், ஆண்கள் எல்லாரும் வாயைத் திறந்து ஒரே சுரத்தில் நிற்கிற அந்த இடத்தில், ஒரு ஊசி என் இடது கண்ணுக்குப் பின்னால் நுழைகிறது, நுழைந்து மெல்லத் திரும்புகிறது, என் கைகள் இன்னும் காற்றில்தான் இருக்கின்றன, பாடகர் குழு முழுவதும் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது, பீடத்து மெழுகுவர்த்திகள் இரண்டிரண்டாகப் பிரிகின்றன, பூச்சாடிகளின் மணம் வயிற்றைப் புரட்டுகிறது, ஈஸ்டர் காலை, பாளையங்கோட்டையில் எங்கள் கோவில் நிறைய வெள்ளைச் சேலைகள், ஒவ்வொரு சேலையும் டியூப்லைட்டாக எரிகிறது, இன்னும் ஒரு பக்கம்தான், ஒரே ஒரு பக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பிறகு என் கைகள் இறங்கிவிட்டன, நான் இறக்கவில்லை, அவையாக இறங்கின, பக்கத்துக் கதவு வழியாக ஓடி வேப்பமரத்தடியில் குனிந்து வாந்தியெடுத்தேன், உள்ளே பாட்டு நாலாகப் பிரிந்து ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு திசையில் போய், கடைசியில் அவ்வளவு பெரிய கோவிலில் யாரோ ஒருவர் மட்டும் பாடிக்கொண்டிருந்தார், அவரும் நிறுத்திக்கொண்டார், அதற்குப் பிறகு வந்த அமைதி இருக்கிறதே, வாந்தியெடுத்த வாயைத் துடைத்தபடி நான் கேட்ட அந்த அமைதி, அதைவிட எந்த வலியும் எனக்குப் பெரிதாக இருந்ததில்லை.

அந்தக் கோவிலில் பாடகர் குழுவை நடத்த வந்த முதல் பெண் நான், அதற்கு முன்னால் எல்லாரும் கோட்டுப் போட்ட ஆண்கள், அவர்களுடைய படங்கள் பயிற்சி அறைச் சுவரில் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதனால்தானோ என்னவோ தலைவலி என்ற சொல்லையே நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, கல்லூரிக் காலத்திலிருந்து கூடவே வருகிற வலி, முதலில் மாதத்தில் ஒரு நாள், பிறகு வாரத்தில் ஒரு நாள், அந்த ஒரு நாள் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை, பாடுகிற நாளாகப் பார்த்து வருகிறது, சாத்தான் ஒன் ஊழியத்தத்தான் குறி வச்சிருக்கான் என்று பெண்களில் தாழ்ந்த குரலான ஆல்டோ வரிசையில் நிற்கிற கிருபாவதி அக்கா சொல்வாள், நானும் அப்படித்தான் நம்பினேன், நம்பிக்கொண்டே கைப்பையில் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டேன், வலித்தால் ஒன்று, வலிக்கப்போகிறது என்று பயந்தால் ஒன்று, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுப்பதற்கு முன்னால் ஒன்று, அதற்கு மேல் டிகாஷன் கறுப்பாக இறங்கிய காபி, காபி, காபி, கடைசியில் வலி இல்லாத நாள் எது என்று எனக்கே தெரியாமல் போயிற்று. ஈஸ்டருக்கு அப்புறம் போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார், பக்கத்தில் ஆர்கன் வாசிக்கிற எட்வின் சார் கூச்சத்துடன் உட்கார்ந்திருந்தார், அம்மா நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, அதுவரைக்கும் எட்வின் சாரு பாத்துக்கிடட்டும் என்றார் ஐயா, அன்பாகத்தான் சொன்னார், எவ்வளவு நாள் ஐயா என்று நான் கேட்டேன், அவர் காபி டம்ளரைப் பார்த்தார், எட்வின் சார் தரையைப் பார்த்தார், இந்த ரெஸ்டுக்கு முடிவு நாள் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வீடு ஊமையாகிக்கொண்டே வந்த நாட்கள் அவை, இப்போது நினைத்தால் தண்ணீருக்கு அடியில் வாழ்ந்த மாதிரி இருக்கிறது, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, மிக்ஸி ஓடக்கூடாது, ரேடியோ கூடாது, என் கணவர் ஞானதுரை முகம் மழிக்கும்போது சீட்டியடிப்பார், அவருக்கே தெரியாமல் வருகிற சீட்டி, அதைக் கேட்டுத்தான் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தேன் என்று சிரிப்பேன், அந்தச் சீட்டி ஒரு நாள் நின்றது, நான் நிறுத்தச் சொல்லவில்லை, என் நெற்றி சுருங்குவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவராக உதட்டை மூடிக்கொண்டார், பாட்டு என்றால் வலி, சீட்டி என்றால் வலி, என் உயிராக இருந்த ஒன்று எனக்கு நஞ்சாகிக்கொண்டிருக்கிறது என்று அந்தக் கண்ணாடியில் நானும் பார்த்தேன், அன்றைக்குத்தான் அவர் சொன்னார், போதும், கெளம்பு, டாக்டரப் பாக்கப் போறோம், கெழங்கு மாதிரி இருட்டுல கெடக்கவா ஒன்னயக் கட்டிட்டு வந்தேன்.

டாக்டர் நூருன்னிசா மேலப்பாளையத்துக்காரர், நரம்பு டாக்டர், ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ள ஒரு கெட்டதும் இல்லம்மா என்று சொன்னபோது எனக்கு நிம்மதிக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது, ஒன்றும் இல்லாமலா இந்த வலி, அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும், கெட்டது இல்லன்னுதான் சொன்னேன், வலி பொய்னு சொல்லல, இது ஒத்தத் தலைவலி, உங்க தலை கொஞ்சம் கோவக்காரத் தலை, நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தூக்கம், இதுல ஒண்ணு பிந்துனாலும் சண்டைக்கு வரும் என்றார், ஞாயித்துக்கெழம காலையில என்ன சாப்புடுவீங்க என்று கேட்டார், ஒன்றும் சாப்பிட மாட்டேன் டாக்டர், கோவிலில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து இருக்கும், வெறும் வயிற்றோடுதான் போவோம், சனிக்கிழமை ராத்திரி என்றால் பயிற்சி முடியவே நேரமாகிவிடும், ஓட்டலில் ஃப்ரைடு ரைஸ், அப்புறம் தூக்கம் வராது, விடியும் முன்னால் எழுந்து காபி மட்டும், சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே குறைந்துகொண்டு வந்தது, பக்கத்தில் ஞானதுரை தொண்டையைச் செருமினார், ஞாயிறுதோறும் வந்தது சாத்தான் அல்ல, இட்லி சாப்பிடாததுதான் என்று எனக்கு உறைத்தது. நானும் நோம்பு வைக்கிறவதாம்மா, உங்க நோம்பக் கொற சொல்லல, உடம்புக்கு முடியாதவங்களுக்கு எல்லா வேதத்துலயும் விலக்கு இருக்கு, உங்க ஐயாட்ட கேளுங்க என்றார் டாக்டர், பிறகு கையை நீட்டினார், அந்த மாத்திரை அட்டையக் குடுங்க, இதுதான் இப்ப உங்க பெரிய வியாதி, தெனமும் போட்டா வலி மாத்திரையே வலியக் கொண்டுவரும், நிறுத்துங்க, ராத்திரிக்கு மட்டும் வேற ஒண்ணு எழுதுறேன், காபிய ஒரேடியா விடாதீங்க, ஒவ்வொண்ணாக் கொறைங்க, ஆனா ஒண்ணு சொல்லிப்புடுதேன், மொதல்ல வலி கூடும், நல்லாக் கூடும், அதத் தாண்டிட்டீங்கன்னா எனக்குப் பாட்டுப் பாடிக் காட்டுங்க.

கூடியது, அவர் சொன்னதைவிடக் கூடியது, அந்த வாரங்கள் ஒரே நாளாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன நினைவில், நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா, அம்மியில் என் தலையை வைத்து யாரோ அரைக்கிறார்கள், அரைக்கிறவளும் நானே, ஈஸ்டர் பாட்டின் உடைந்த துண்டுகள் சுவரில் ஊர்கின்றன, ஞானதுரை வேலைக்குப் போய்விட்ட ஒரு மத்தியானம் வீட்டிலுள்ள டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துத் தேடினேன், ஒரு மாத்திரை, பாதி மாத்திரை, எதுவும் இல்லை, எல்லாவற்றையும் அள்ளிக் கிருபாவதி அக்காவிடம் கொடுத்துவைத்திருந்தார் மனுஷன், தெரு வெயிலில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன், செருப்பு போட்டேனா என்பதுகூட ஞாபகம் இல்லை, கதவைத் திறந்து என்னைப் பார்த்தவள் வாசல் நிலையில் இரண்டு கையையும் வைத்து மறித்துக்கொண்டாள், தரமாட்டேன் புள்ள என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே, அக்கா ஒண்ணே ஒண்ணு என்றேன், தரமாட்டேன், ஒங்காலுல விழுறேன்க்கா, விழு, விழுந்தாலும் தரமாட்டேன், சொல்லிவிட்டு அவளே அழுதாள், அழுதுகொண்டே என்னை உள்ளே இழுத்து, சிமெண்டுத் தரையில் படுக்கவைத்து, ஈரத்துண்டைக் கண்ணின் மேல் போட்டு, என் தலைமாட்டில் காலை நீட்டி உட்கார்ந்து விசிறியால் வீசினாள், வீசிக்கொண்டே இருந்தவள் எப்போது முனக ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியாது, வேறு பாட்டே வராமல் ஆல்டோ வரியைத்தான் முனகினாள், மேலே சோப்ரானோப் பெண்கள் இல்லை, கீழே ஆண்கள் இல்லை, ஆல்டோவைத் தனியாகக் கேட்டால் அது பாட்டாகவே இருக்காது, மூன்று நான்கு சுரங்களுக்குள் வீட்டு வேலை செய்கிறவளைப்போல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும், யாரும் கேட்காத வரி, நான் நடத்துகிற ஆளாக இருந்தும் அதை அதுவரை தனியாகக் கேட்டதில்லை, ஈரத்துண்டுக்கு அடியில் நான் மெல்ல உணர்ந்தேன், இந்தச் சத்தம் குத்தவில்லை, வலி இருக்கிறது, சத்தமும் இருக்கிறது, இரண்டும் வேறு வேறாக இருக்கின்றன, வலி பாட்டிலிருந்து பிரிந்து நிற்கிறது, அப்படியானால் எனக்குப் பாட்டு திரும்பி வரும் என்று அந்தத் தரையில் படுத்தபடி நான் அறிந்தேன், நிறுத்தாதக்கா என்றேன், நிறுத்துனா நீ எந்திச்சு மாத்திர கேப்ப, எனக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா என்றாள் அக்கா.

அதன் பிறகு ஒரு நாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினேன், என் தலைக்கு எடையே இல்லை, பயந்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன், வெளியே காக்கை கத்தியது, அது வெறும் காக்கையாக இருந்தது. எல்லாம் சட்டென்று மாறிவிடவில்லை, காலையில் வாய்க்கால் கரையோரம் நடக்கிறேன், வந்ததும் கேழ்வரகுக் கூழ், பதினொரு மணி இடைவேளையில் பள்ளிக்கூடத்து மரத்தடியில் கொண்டைக்கடலை, மோர், காபி ஒன்றே ஒன்று, அதுவும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரி ஊர் சீரியல் பார்க்கிற நேரத்தில் நான் படுத்துவிடுகிறேன், கல்யாண வீட்டில் பந்தி பிந்தினால் கூச்சப்படாமல் பையைத் திறந்து வாழைப்பழம் உரிக்கிறேன், மழைக்கு முன்னால் சில நாள் வலி எட்டிப்பார்க்கிறது, பார்க்கட்டும், உள்ளே வந்து குடியிருக்கிற அளவுக்கு அதற்கு இப்போது இடமில்லை. போதகர் ஐயாவிடம் கேட்டேன், திருவிருந்துக்கு முன்னால் நான் சாப்பிடலாமா என்று, அவர் திகைத்துப்போனார், சாப்புட்டுட்டு வராதீங்கன்னு யாரும்மா சொன்னா, நானே ரெண்டு தோச தின்னுட்டுத்தான் பீடத்துல நிக்கேன், கிருபாவதி அக்காவால் அதை நம்பவே முடியவில்லை, இவ்வளவு காலமா வெறும் வயித்தோட நின்னேனே, ஒருத்தரும் சொல்லலியே என்று ஒரு வாரம் முழுக்கப் பொருமினாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சி அறையில் இலைப்பொட்டலத்தைப் பிரித்தாள், இட்லியும் மிளகாய்ப்பொடியும், எனக்கு மட்டும் என்று கொண்டுவந்தது, கோட்டுப் போட்ட ஆண்களின் படங்களுக்குக் கீழே எல்லாரும் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள், எட்வின் சார் விரலை நக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பினார், ஒங்க எடம் ஒங்களுக்குத்தான் மேடம், எனக்குக் கையில ஆர்கன் இருந்தாப் போதும், கைய வீசிட்டு நின்னா பயமா இருக்கு.

அறுப்பின் பண்டிகை, உச்சி வெயில், தூண்களில் எல்லாம் வாழைக்குலைகளும் கரும்பும், பலாப்பழ மணம், பூசணி, நெல், ஆடுகள்கூட வாசலில் கத்துகின்றன, வெளியே காணிக்கைகளை ஏலம் விட மைக் கட்டுகிறவர்கள் ஹலோ ஹலோ என்கிறார்கள், நான் பழைய பாட்டு எதையும் எடுக்கவில்லை, எல்லாரும் பயந்த ஒரு புதுப் பாட்டை எடுத்திருக்கிறேன், நீளமானது, உரத்தது, நாலு குரலும் ஒன்றையொன்று துரத்துகிற பாட்டு, முன்வரிசையில் கோவில் கமிட்டிக்காரர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள், எப்போது விழுவேன் என்று பார்க்கிறார்களோ, பார்க்கட்டும், கையை உயர்த்துகிறேன், ஆர்கன் தரையை அதிரவைக்கிறது, ஆண்கள் வருகிறார்கள், பெண்கள் வருகிறார்கள், நான் ஆல்டோக்களைப் பார்த்து இன்னும், இன்னும் என்று உள்ளங்கையை உயர்த்துகிறேன், யாரும் கேட்காத அந்த வரி மேலே வருகிறது, கிருபாவதி அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள், எவ்வளவு சத்தம், கூரை வரை சத்தம், அது எனக்குள் நுழைந்து மார்பு நிறைந்து, கை நிறைந்து, விரல் நுனி வழியாகத் திரும்பப் போகிறது, எங்கேயும் முட்டவில்லை, எங்கேயும் கிழிக்கவில்லை, கடைசிச் சுரத்தை நான் விடவே இல்லை, எட்வின் சார் மூச்சு முட்ட என்னைப் பார்க்கிறார், இன்னும் கொஞ்சம், இன்னும், பிறகு விரல்களை மூடினேன். போதகர் ஐயா பீடத்திலிருந்து இறங்கி வந்து மெதுவான குரலில், ரொம்ப நேரம் நின்னுட்டீங்கம்மா, அடுத்த பாட்ட சாரு எடுக்கட்டுமா என்று கேட்டார், எதுக்கு ஐயா, அதையும் நானே எடுக்குதேன், அதுக்கடுத்ததும் நான்தான் என்றேன், என் குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது, முன்வரிசைவரை கேட்டிருக்கும், யாரோ சிரித்தார்கள், பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ கை தட்டினார்கள், எங்கள் கோவிலில் கை தட்டுகிற வழக்கமே இல்லை, நான் பாட்டுத்தாளைத் திருப்பினேன், குழுவைப் பார்த்து, மூச்சு எடுங்க என்றேன்.