இரண்டாவது சர்ச்சின் வாசலில்

இரண்டாவது சர்ச்சின் வாசல் மண்டபத்தில், கல் பெஞ்சின் மேல் யாரோ போர்வைப் பைக்குள் சுருண்டு படுத்திருந்தார்கள். முன்னால் நடந்ததால் லோர்னாதான் முதலில் பார்த்தாள். இங்கிலாந்தில் நார்ஃபோக்கின் இந்தப் பக்கத்தில் மேடு பள்ளமே கிடையாது. மாதம் ஒரு சனிக்கிழமை அவள் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு மூன்று கிராமங்களின் பழைய சர்ச்சுகளைச் சுற்றி வருவாள். கடைசியில் பப்பில் சாப்பாடு. அன்றைக்கும் பார்லி வயலோரமாக எல்லோரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"ஊர்ல இருக்கறதே நாப்பது பேரு. அதுக்கு இம்மாம் பெரிய சர்ச்சா? ஆளுக்கொரு தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணுவாங்க போல" என்றாள் பமீலா. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். தாடி நெஞ்சுவரை வளர்ந்திருந்தது. கண்களைக் கசக்கிவிட்டு நேராக லோர்னாவைப் பார்த்தான். அவளுடைய தம்பி கீத்.

மனைவி பிரிந்துபோய், குடியில் வேலையும் போன பிறகு, கொஞ்ச நாள் அவள் வீட்டில்தான் இருந்தான். ஒருநாள் இரவு சமையலறையில் அவன் விழுந்து கிடந்ததைப் பார்த்து அவள் கணவன் 'இனிமேல் வேண்டாம்' என்றபோது, அவளும் வாயைத் திறக்கவில்லை. நாரிச் நகரத்தில் நண்பர்களோடு இருக்கிறான் என்று அதற்குப் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உன்னையே பாக்கறாரே, தெரிஞ்சவரா?" என்றாள் பமீலா.

"இல்லையே" என்றாள் லோர்னா.

அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. கீத்தின் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. ஆனால் உடனே கால்களை மடக்கி வழிவிட்டான்.

"நான் வெளியூருங்க. உள்ள போங்க மேடம். கதவு கொஞ்சம் இறுக்கம், தோளைக் குடுத்துத் தள்ளணும்."

மேடம். சின்ன வயதில் அவளை 'குண்டு லோர்னி' என்று தெருமுழுக்கக் கத்தி ஓடியவன். தோளைக் கொடுத்துத் தள்ளி உள்ளே போனாள். ஞானஸ்நானத் தொட்டியின் பக்கத்தில் நின்று, அதில் செதுக்கிய சிங்கங்களைப் பற்றி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். தன் குரல் யாருடையதோ மாதிரி கேட்டது. திறந்திருந்த கதவு வழியாக, கூட்டத்தில் ஒருவர் குனிந்து கீத்துக்குத் தன் சான்ட்விச்சைக் கொடுப்பது தெரிந்தது. அவனை முன்பின் தெரியாத மனிதர். லோர்னாவுக்குக் காது மடல்கள் சுட்டன. சிங்கங்களுக்கு எத்தனை நூற்றாண்டு வயது என்பது மறந்துபோயிற்று.

வெளியே வரும்போது அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அவனும் அவள் போகும்வரை சான்ட்விச்சைத் தொடவில்லை.

அடுத்த வயலின் பாதியில் அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்த பமீலா மோதிக்கொண்டாள்.

"என்னாச்சு, கால் பிசகிடுச்சா?"

"அவன் என் தம்பி, பமீலா."

"எவன்?" என்று ஆரம்பித்த பமீலா பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் வெளுத்தது. "ஐயோ லோர்னா... நான் ஜெஃப்ரிக்குப் போன் பண்ணிட்டேனே. சர்ச்சை அவருதானே பாத்துக்கறாரு. யாரோ வாசல்ல படுத்திருக்காங்கன்னு... நீதான் தெரியாதுன்னு சொன்னியே!"

லோர்னா திரும்பி ஓடினாள். ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது. பார்லிக் கதிர்கள் கையில் கீறின. கல்லறைத் தோட்டத்து வாயிலில் ஜெஃப்ரியின் கார் நின்றது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மண்டபத்தின் வெளியே மரியாதையாகக் காத்திருந்தார். கீத் முழங்காலிட்டு, போர்வைப் பையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல லோர்னா, இவரு கிளம்புறாரு. உங்க ஆளுங்களுக்கு ஏதாவது தொந்தரவு குடுத்தாரா?"

"நான்தான் போறேனே சார். அந்த மேடத்துக்கு என்னைத் தெரியாது" என்றான் கீத், தலை நிமிராமல்.

இரண்டாவது முறையாக அவன் அவளுக்கு வழிவிட்டான். அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"தெரியும்" என்றாள். "என் தம்பி."

ஜெஃப்ரி தரையைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, காரை நோக்கி நடந்தார்.

கீத் மறுபடி பையைச் சுருட்டத் தொடங்கினான். பை உப்பிக்கொண்டு சுருள மறுத்தது. வார் எட்டவில்லை. லோர்னா அவன் எதிரில் மண்டியிட்டு, பையின் மேல் இரண்டு முன்கைகளையும் வைத்து அழுத்தினாள்.

"எங்கடா போவே?"

"தள்ளாத. இந்தப் பக்கம் அமுக்கு" என்றான்.

அவள் முழு எடையையும் கொடுத்து அமுக்கினாள். பைக்குள்ளிருந்த காற்று, அவன் உடம்பின் வெதுவெதுப்போடு, மெதுவாக அவள் முகத்தில் வந்து பட்டது.