இடப்பக்கம் ஒரு மில்லிமீட்டர்

புதன்கிழமை காலை கடைக்குக் கிளம்ப இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று அவள் காரின் அடித்தட்டை மேல்கூட்டுக்குள் செருகினாள். குறுக்குக் கம்பிகள் இரண்டிலும் சக்கரங்களை மாட்டி, கண்ணாடிப் பலகைமேல் நிறுத்தி உருட்டினாள். கார் இரண்டு அங்குலம் ஓடி, கிறீச்சென்று நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தாள். வலப்பக்கம் முன்சக்கரம் வளைவின் நட்டநடுவில் இருந்தது. இடப்பக்கத்துச் சக்கரமோ வளைவின் முன்விளிம்பை உரசிக்கொண்டிருந்தது.

கார் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற கார். நிஜ வண்டியில் இருபத்து நாலில் ஒரு பங்கு. அந்த வண்டிக்கு எந்தக் கம்பெனியும் மாடல் போட்டதில்லை. அதனால் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, வளைத்து, ஒட்டி, ராவி, நாலரை மாதமாக அவளே செய்திருந்தாள். இது மூலம். ஞாயிற்றுக்கிழமை இதன்மேல் சிலிக்கான் ரப்பரை ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சில் ரெசினை ஊற்றினால் இதே கார் ஒன்பது வரும். மூலத்தில் ஒரு கீறல் இருந்தால் ஒன்பதிலும் அந்தக் கீறல் இருக்கும்.

அவள் இருப்பது ஒன்பது பேர் கொண்ட ஒரு குழுவில். மாதிரி வண்டி செய்கிறவர்கள். அவள் ஒருத்திதான் பெண், அவள் ஒருத்திதான் பேசாதவள். போன் குழுவில் கட்டைவிரல் படத்தைத் தவிர வேறெதுவும் போட்டதில்லை. அதனால் அவளுக்கு மியூட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். அடுத்த கண்காட்சிக்கு எல்லாரும் ஒரே வண்டியை ஆளுக்கொரு விதமாகச் செய்வது என்று கூட்டத்தில் முடிவானது. எந்த வண்டி என்பதில் ஒரு மணி நேரம் அடிதடி. கடைசியில் யாரோ, "டிரைவிங் ஸ்கூல் வண்டிப்பா, நாம எல்லாரும் அதுலதான ஓட்டப் பழகினோம்" என்றார்கள். அது சரிதான், அதற்கு மாடல் கிடையாதே, மூலத்தை யார் செய்வது? எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"நான் பண்றேன்" என்றாள் அவள்.

பேசியது யார் என்று ஐந்தாறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். லாரியைத் தவிர வேறெதையும் செய்யாததால் லாரி என்றே அழைக்கப்படுபவர், "அட, மியூட்டுக்கு வால்யூம்லாம் இருக்கா!" என்றார். அவளுக்குக் காது வரை சூடேறியது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அச்சு எடுக்கத் தெரிந்தவர் குழுவில் ஒருவர்தான். அவரை ரப்பர் அண்ணன் என்பார்கள். வருகிற வாரம் புதன்கிழமை மகளின் பிரசவத்துக்குப் போகிறார். திரும்ப மூன்று மாதம். கண்காட்சி அதற்குள் முடிந்துவிடும். ஆகவே இந்த ஞாயிறு, இல்லையென்றால் இல்லை.

இன்னும் நாலு நாள். சக்கரம் உரசுகிறது.

*

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் வாடிக்கையாளர் தலைவலி என்று திரும்பி வந்துவிடுவார். அந்தக் கை ஒரு மில்லிமீட்டர் தவறுமா என்று காலை முழுக்க அவளுக்கு மனசு ஆறவில்லை. சாப்பாட்டு வேளையில் டேப்பை எடுத்துக்கொண்டு அப்பா வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலுக்கு நடந்தாள்.

அப்பா அங்கே மாஸ்டர். பழகுபவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியவர். அவள் வண்டியின் பக்கத்தில் மண்டி போடுவதைப் பார்த்து வெளியே வந்தார்.

"போன ஜனவரியிலதான அளந்த? வண்டி என்ன வளர்ற புள்ளையா, மறுபடி அளக்கறதுக்கு?"

"இந்த முனையப் பிடிங்கப்பா."

வலப்பக்கம், முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவுக்கு இரண்டாயிரத்து நானூறு மில்லிமீட்டர். இடப்பக்கம் இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்தாறு. மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் அதேதான்.

அப்படியானால் அவள் கை தவறவில்லை. வண்டியே அப்படித்தான் இருந்தது. இடப்பக்கத்தை ஒரு மாதம் அளந்தாள், வலப்பக்கத்தை அடுத்த மாதம். நோட்டில் இரண்டும் வேறு வேறு பக்கம். இரண்டையும் அப்படியே நம்பி, இரண்டையும் அப்படியே செய்திருந்தாள். அடித்தட்டை மட்டும் வலப்பக்கக் கணக்கில் சதுரமாக வெட்டியிருந்தாள். பி.எஸ்ஸி. படித்தவள் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"இருபத்து நாலு மில்லி குறையுதுப்பா. இருபத்து நாலில் ஒரு பங்குன்னா சரியா ஒரு மில்லி. எப்படிக் குறையும்?"

அப்பா டேப்பைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். "பழைய வண்டில்ல" என்றார்.

"பழசானா சுருங்குமா?"

"அம்மாவக் கேளு" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று வண்டிக்குள் ஏறிக்கொண்டார். யாரும் காத்திருக்கவில்லை.

*

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் தலையணை உறையை உதறி இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், எட்டாகவும் மடித்தாள்.

"பதினோரு வருஷம் கழிச்சு என் தலையில போடறாரா? நல்ல மனுஷன். நான் ஓட்டக் கத்துக்கிறேன்னு சொன்னேன். ரெண்டாவது நாளே வாசல் கேட் தூண்ல வண்டிய விட்டுட்டேன். போதுமா?"

"தூண்லயா?"

"உங்கப்பா பிரேக்கு பிரேக்குன்னு கத்தினார். எந்தக் காலுன்னு சொல்லலையே."

கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்!"

"உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்லப்பா?" என்றாள் அவள். "நீங்க மிதிச்சிருக்கலாமே?"

கூடத்தில் செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"கண்ண மூடிட்டார்" என்றாள் அம்மா. "ஊருக்கே மாஸ்டர். பொண்டாட்டி ஓட்டினா கண்ண மூடிக்கிறார்."

முதலாளி வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் டிங்கர் ஒருவன் வண்டியை இழுத்து நிமிர்த்தினான். முன்சக்கரம் பழைய இடத்துக்கு முழுசாக வரவில்லை. வளைவைச் சக்கரத்துக்கு ஏற்ப நகர்த்தி, முன்னால் விழுந்த இடைவெளியில் பட்டிக் களிம்பை அப்பி, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அன்றிலிருந்து வண்டி லேசாக இடப்பக்கம் இழுக்கும். அங்கே பழகியவர்கள் எல்லாரும் இன்றைக்கும் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடித்துத்தான் ஓட்டுவார்கள் என்று அம்மா சொன்னாள்.

அப்பா வாசற்படியில் வந்து நின்றார். "பாப்பா, அப்படியே விட்டுடேன். நீ தப்பா செய்யல. வண்டி எப்படி இருக்கோ அப்படித்தான செஞ்சிருக்க. அடித்தட்டைக் கொஞ்சம் கோணலா வெட்டினா சக்கரம் உக்காந்துடும். யாரு டேப்பு வச்சுப் பாக்கப் போறாங்க?"

அவள் அதை யோசிக்காமல் இல்லை. பத்து நிமிட வேலை. ஆனால் குறுக்குக் கம்பி நேராக இருக்காது. ஒன்பது பேரும் ஒன்பது வீட்டில் சக்கரத்தை மாட்டி, ஏன் கோணுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். லாரி அதைக் கண்ணாடிமேல் வைத்து உருட்டுவார், அது வட்டமடிக்கும். அவர் வாயை எந்த மூடி போட்டு மூடுவது? அவள் வாயைத் திறந்து ஒப்புக்கொண்டது டிரைவிங் ஸ்கூல் வண்டியை. எல்லா ஊரிலும் ஓடுகிற வண்டியை.

"ஒன்பது பேருக்கும் அம்மா இடிச்ச வண்டியக் குடுக்க முடியாதுப்பா."

"ஏன், நல்லாத்தான இடிச்சேன்" என்றாள் அம்மா.

*

செய்ய வேண்டியது என்னவோ சின்ன வேலைதான். இடப்பக்க வளைவை ஒரு துண்டாக அறுத்து எடுக்க வேண்டும். பின்னால் ஒரு மில்லிமீட்டர் பட்டை ஒட்டி, முன்னால் ஒரு மில்லிமீட்டர் சீவி, மறுபடி பொருத்த வேண்டும். இதற்கு ஒரு வாரம் வேண்டும், ஏனென்றால் ஒட்டின இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்தால் அது உள்ளே காய ஏழு நாளாவது ஆகும். ஈரப் பட்டிமேல் சிலிக்கானை ஊற்றினால் அந்த இடத்தில் ரப்பர் இறுகாது. பாகுபோல் ஒட்டிக்கொண்டு, அச்சும் போகும், மூலமும் போகும்.

ஆகவே பட்டியே கூடாது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் இடைவெளி இல்லாமல் பொருந்தியாக வேண்டும். அவள் பட்டி டப்பாவை அம்மாவிடம் கொடுத்தாள்.

"கேட்டாலும் குடுக்காதீங்க."

"காப்பித்தூள் டப்பாவையும் சேத்து ஒளிச்சு வைக்கவா?"

வியாழன் காலை மெல்லிய ரம்பத்தை எடுத்தாள். முதல் இழுப்புக்கு முன் கையைத் துடைத்தாள். நாலரை மாதம் பார்த்துப் பார்த்துத் தேய்த்த மட்கார்டு. அறுக்கும்போது வெள்ளைத் தூள் மடியில் கொட்டியது. வளைவு கையோடு வந்தது. அதை ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். அங்கே வெள்ளியும் சனியும் லீவு கேட்டாள்.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல சார். கார் சரியில்ல."

"உன்கிட்ட கார் இருக்கா?" என்று அவர் கேட்டதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "சின்னதுதான் சார்" என்று சொல்லிவிட்டு லென்ஸை எடுத்துக்கொண்டாள்.

அன்று இரவே பின்னால் பட்டையை ஒட்டி, முன்னால் சீவி, வளைவை மறுபடி பொருத்தினாள். வெள்ளிக்கிழமை வலப்பக்க மட்கார்டின் வளைவை அட்டையில் வரைந்து வெட்டினாள். அட்டையைத் திருப்பினால் இடப்பக்கத்துக்கான அளவு. ஒட்டிய இடத்தை அட்டைக்கு நேராக ராவிக்கொண்டே வந்தாள். நாலு இழுப்பு, ஒரு பார்வை. மறுபடி நாலு இழுப்பு. மதியம் கதவுக்குப் பக்கத்தில் முடியளவு இடைவெளி திறந்தது. ஒரு துளி பட்டி இருந்தால் ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும்.

"அம்மா."

"மாட்டேன்."

"ஒரு துளிதாம்மா. நகத்தளவு."

"நீதான சொன்ன. எனக்கு வாக்கு வாக்குதான்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மெல்லிய தகட்டை இன்னும் மெலிதாக, வெளிச்சம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து, அதிலிருந்து ஊசிபோல் ஒரு சீவல் எடுத்தாள். சிறு இடுக்கியில் பிடித்து இடைவெளியில் செருகினாள். முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. ஐந்தாவது உள்ளே போனது. பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் கரைசலை நூலளவு தொட்டு வைத்ததும் அது இரு பக்கமும் பிடித்துக்கொண்டது. விடிந்தபின் ராவினாள். விரலை வைத்துத் தடவினால் எங்கே ஒட்டியது என்று விரலுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிற மேல்பூச்சைத் தூவியதும் கண்ணுக்கு ஒரு மேடு தெரிந்தது. தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி தூவினாள். மேடு போய்விட்டது.

*

ரப்பர் அண்ணனின் பட்டறை அவர் வீட்டின் பின்னறைதான். ஒரு எடைத்தராசு, காற்றை உறிஞ்சும் பாத்திரம், சுவரெல்லாம் ரப்பர் அச்சுகள். வேடிக்கை பார்க்க லாரியும் வந்திருந்தார்.

ரப்பர் அண்ணன் மூலத்தைப் பூதக்கண்ணாடியில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வளைவ மாத்தினேன்னு மெசேஜ் போட்டியே. எந்த வளைவு?"

"இடப்பக்கம்ண்ணா."

"பட்டி என்னிக்கு வச்ச?"

"வைக்கல."

"பட்டி இல்லாமலா?" அவர் நம்பவில்லை. நகத்தால் அழுத்தினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஈரமிருந்தால் கரைப்பான் வாசனை அடிக்கும். அடிக்கவில்லை. "சரி" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

பெட்டிக்குள் மூலத்தைப் பாதிவரை களிமண்ணில் பதித்து, சிலிக்கானை ஒரு மூலையில் நூல்போல் ஊற்றினார். அது தானாக ஊர்ந்து வந்து காரை மூடியது. திங்கள் காலை பெட்டியைத் திருப்பி மறுபாதியை ஊற்றினார்கள். செவ்வாய் காலை கடைக்காரரிடம் இன்னொரு நாள் லீவு கேட்டுவிட்டு அவள் அங்கே போய் நின்றாள். அண்ணன் மறுநாள் கிளம்புகிறார். அறையின் ஒரு மூலையில் பெட்டி படுக்கை ஏற்கெனவே கட்டியிருந்தது.

அவர் ரப்பரின் இரு பாதியையும் பிரித்து மூலத்தை மெல்ல இழுத்தார். படக்கென்று ஒரு சத்தம்.

இடப்பக்க வளைவு முறிந்து ரப்பருக்குள்ளேயே நின்றுவிட்டது. விரிசல் மேலே முன்கண்ணாடி ஓரத்துத் தூண் வரை ஓடி, கூரையையும் பிளந்திருந்தது.

அண்ணனுக்கு முகம் தொங்கிப்போனது. "நாலரை மாச வேலையாச்சேம்மா" என்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த லாரியும் அருகே வந்து எட்டிப் பார்த்தார்.

அவள் மூலத்தை வாங்கி ஓரமாக வைத்தாள். இடுக்கியால் முறிந்த துண்டை ரப்பரிலிருந்து எடுத்தாள். டார்ச்சை அடித்து வளைவின் பள்ளத்தை விளிம்பு விளிம்பாகப் பார்த்தாள். பிசுபிசுப்பு இல்லை. ஒரு இடத்திலும் கிழியவில்லை.

"ரப்பருக்கு ஒண்ணும் ஆகலண்ணா. ஊத்துங்க."

"இன்னொரு அச்சு எடுக்கணும்னா மூலம் இருக்காதும்மா. யோசிச்சுக்கோ."

"இந்த அச்சுல ஒன்பது வரும்ல?"

"வரும். பதினஞ்சே வரும்."

"அப்ப ஊத்துங்க."

இரண்டு குப்பிகளிலிருந்தும் ரெசினைச் சம எடையாக ஊற்றிக் கலக்கினார்கள். தேன்போல் இருந்தது, அச்சுக்குள் போனதும் மெல்லத் தயிராக வெளுத்தது. அச்சின்மேல் கை வைத்தால் சுட்டது. அரைமணி நேரம் கழித்து முதல் கார் வெளியே வந்தது. அவள் கொண்டுவந்திருந்த அடித்தட்டை லாரி அதற்குள் செருகி, தன் பையிலிருந்து குறுக்குக் கம்பியும் சக்கரமும் எடுத்து, யாரையும் கேட்காமல் மாட்டினார். மேசையின் இந்த முனையில் வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கார் நேராக ஓடியது. அந்த முனையில் அவள் கையை வைத்துப் பிடித்தாள்.

லாரி இன்னொரு தடவை உருட்டச் சொன்னார். அவள் கேட்கவில்லை. காரைக் கவிழ்த்து வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"பின்விளக்கு மூலையில காத்து நின்னிருக்கு, பாருங்கண்ணா. அடுத்ததுக்கு அச்சை இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிக்கலாம்."

அண்ணன் அச்சைத் துடைத்துச் சேர்த்துக் கட்டினார். அவள் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, இரண்டாவது கோப்பையை அதன்மேல் வைத்தாள்.