அக்கணமே

ஸ்பூனில் ஊட்டிய பால் கடைவாய் வழியே திரும்பி வந்தது. அவள் துண்டால் துடைத்துவிட்டு இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். அதுவும் வந்தது. மூன்றாவதைப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள். அவள் கணவர், பத்திரக்காரர், போய்விட்டார்.

முதலில் அழுகை வரவில்லை. வாசல் கதவைத் தாழ் போட்டோமா என்ற நினைப்புதான் வந்தது. போய்ப் போட்டுவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். அவர் மூச்சு நின்றதோடு அவள் உட்கார்ந்திருந்த இடம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடையதாகிவிட்டது.

பத்திரம் எழுதுவதில் பத்திரக்காரரை அடிக்க ஆள் கிடையாது. காலத்தைக் குறிக்கிற சொல்லில் அவர் பிடித்த பிடி உடும்புப் பிடி. 'விரைவில்', 'நியாயமான காலத்துக்குள்' என்றெல்லாம் யாராவது எழுதிவிட்டால் சோற்றில் முடி கிடந்த மாதிரி முகம் போகும். "நியாயமான காலம்னா யாருக்கு நியாயம்? கொடுத்தவனுக்கா, வாங்கினவனுக்கா?" என்று கேட்டே பாதி வக்கீல்களை ஊரைவிட்டுத் துரத்தினார். அவர் எழுதின குத்தகை முடிகிற நாளில் அந்த வீட்டுக் கோழிகூட முட்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு மூட்டை கட்டும் என்று பதிவு அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவர் சொந்தப் பத்திரத்தில் சறுக்கினார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. கண்ணாடிக் கடைக்காரருக்குப் பாதி விலைக்கு விற்றார், தன் ஆயுள் உள்ளவரை குடியிருக்கலாம் என்ற நிபந்தனையோடு. ஊராருக்கு எழுதும்போது 'என் ஆயுள்வரையிலும், எனக்குப் பின் என் மனைவியின் ஆயுள்வரையிலும்' என்று எழுதுகிற கை அது. அன்றைக்கு மனைவியை விட்டுவிட்டது. ஆபரேஷன் செய்தாலும் ஆறு மாதம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருக்கப்போகாதவளை எழுதினால் பத்திரம் பொய் பேசும் என்று அவருக்குப் பட்டது. 'என் மூச்சு நின்ற அக்கணமே வீடு வாங்கியவர் வசம்' என்று முடித்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவளும் சம்மதக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் சாகவில்லை. டாக்டர்தான் செத்தார்.

கடைக்காரர் கணக்கும் பொய்த்தது. பத்திரக்காரரின் இருமலைக் கேட்டு, நாலைந்து வருஷம் தாங்காது என்று நம்பி வாங்கியவர். சாயங்காலமானால் பழத்தோடு வந்து உட்கார்ந்து, முகத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போவார். பார்த்துப் பார்த்து சிநேகிதமாகிவிட்டார். கடைசியில் இருமல் மருந்துகூட அவரே வாங்கி வந்தார். தன் நஷ்டத்துக்குத் தானே டானிக் ஊற்றிய மனுஷரை மூன்று உலகத்திலும் தேடினாலும் கிடைக்காது. ஆனால், "அந்த ஒரு வரியை மட்டும் மாத்திக் குடுத்துடேன்" என்று பத்திரக்காரர் கெஞ்சும்போதெல்லாம், "பார்க்கலாம்யா" என்பார். சட்டத்தில் உள்ள எல்லாக் கெடுவையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்தப் 'பார்க்கலாம்' அளவுக்கு நீளாது.

கதவு தட்டப்பட்டது. கடைக்காரர் குரல்.

"தங்கச்சி, எப்படி இருக்காரு?"

"தூங்கறாரு, அண்ணே."

"பால் குடிச்சாரா?"

"குடிச்சாரு."

"அப்ப நான் சும்மா உக்காந்துட்டுப் போறேன். எழுப்ப வேணாம்."

"நாளைக்கு வாங்களேன்."

அவள் கணவனின் தாடையைக் கையால் அழுத்தி மூடினாள். கையை எடுத்ததும் திறந்துகொண்டது. நாளைக்கு என்றால் நாளைக்கும் இதே கதவு, இதே கேள்வி. எத்தனை நாளைக்கு ஒருவரைத் தூங்க வைக்க முடியும்?

"அவர் தூங்கினா குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்கும், தங்கச்சி" என்றது வெளிக்குரல், மெதுவாக. "கதவைத் திற."

திறந்தாள். கடைக்காரர் செருப்பைக் கழற்றவும் மறந்து உள்ளே வந்தார். பத்திரக்காரரின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எனக்கு என்னய்யா அவசரம்? நான் கேட்டனா? இனிமே சாயங்காலம் நான் எங்கய்யா போவேன்?"

குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய் அழுகை இல்லை, அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டிருக்கும்போதே அவருடைய இடது கை பக்கத்து ஜன்னல் சட்டத்தைத் தடவியது. செல்லரித்த இடத்தை விரல் அமுக்கிப் பார்த்தது. கொஞ்சம் மரத்தூள் உதிர்ந்தது.

"அண்ணே, நான்..."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா. முதல்ல இவரை நல்லபடியா அனுப்பி வைப்போம். அப்புறம் என் பையன்கிட்டப் பேசறேன். அவன் கொஞ்சம்..." மீதியை மூக்கைச் சிந்தி முடித்தார்.

அவள் தலையாட்டினாள். சொல்லி அனுப்ப வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் உடம்பைத் துடைக்க வேண்டும், பால் கழுத்துவரை காய்ந்து பிசுபிசுத்தது. பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல்வரை போனவள் அங்கேயே நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் சுடுதண்ணி வேணும். அடுப்பைப் பத்த வச்சுக்கட்டுமா?"

அவர் துண்டில் முகத்தைப் புதைத்தபடி, யோசிக்காமல், சரி என்று தலையாட்டினார்.